சுற்றில் இரண்டாவது

கள்ளிக்குடிக்குக் கிழக்கே கரிசலைக் கீறிப் போட்ட
மூவாயிரத்து நானூறு அடித் தார்.
கோபுரமெல்லாம் மதுரையில்.
இங்கே இறங்கு என்று சொல்ல ஒரு கோபுரமும் இல்லை.
யார் எங்கே பறக்கிறோம் என்பதை
அவரவர் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும்.
எல்லோருக்கும் ஒரே அலைவரிசை.
பேசுமுன் கேட்கணும், பேசினால் சுருக்கணும்.
சாப்பிட்டாச்சா என்பதற்குத் தரையில் நேரமிருக்கிறது.

பங்குனிக் காலை.
காற்றுப்பை கிழக்கே வாய் பிளந்து
பாதிதான் உப்பியிருந்தது.
டேங்கின் அடியில் ஒரு குப்பி எரிபொருள் வடித்து
தண்ணீர் கலக்கவில்லையே என்று
வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
இன்ஜினை முறுக்கிச் சோதிக்குமுன்
வால் யார் பக்கம் என்றும் பார்த்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் முத்துராக்கு
மிளகாய் காயப்போட்டிருந்தாள்.
பாடப் புத்தகத்தில் மிளகாய் இல்லை.
போன வாரம் எவனோ முறுக்கிய முறுக்கில்
வற்றல் வரப்பு தாண்டிப் பறந்து
பள்ளிக்கூடமே தும்மியதாம்.
நான் வாலைச் சீமைக்கருவேலத்துக்குக் கொடுத்தேன்.
அது எதையும் தாங்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிளஸ் டூ பரீட்சை.
வழக்கம் இடச்சுற்று.
பரீட்சை முடியும்வரை வலச்சுற்று,
பிரகாரம் சுற்றுவது போல, கண்மாய்க்கு மேலே.
அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது.
சாக்பீஸ் எழுத்து ஆகாயத்துக்குத் தெரியாது.

ஆயிரம் அடியில் கண்மாயைக் கடந்து,
வலப்பக்கம் திரும்புகிறேன் என்று சொல்லித் திரும்பினேன்.
பதில் இல்லை. பதில் இல்லாததை
ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.
அது என் தப்பு.
பள்ளிக் கூரைக்கு மேலே ஒரு வெள்ளை மினுக்கல்.
கொக்கு என்று நினைத்தேன்.
கொக்கு சிறகடிக்கவில்லை.
அது பெரிதானது.
நகரவே இல்லை, பெரிதாக மட்டும் ஆனது.

கோரிப்பாளையம் சிக்னலாக இருந்தால்
ஹாரனில் கை வைத்து
அவன் பாட்டன் பெயரை விசாரித்திருப்பேன்.
விமானத்தில் ஹாரன் கிடையாது.
சட்டப்படி முறை என்னுடையது.
சட்டத்தை விரித்து அதன்மேலா இறங்க முடியும்?
முழு விசை. மூக்கைத் தூக்கி
ஓடுபாதைக்குத் தெற்கே ஒதுங்கினேன்,
அவர் என் இடக்கண்ணைவிட்டு நழுவாதபடி.
நாக்கு உலர்ந்திருந்தும் சொன்னேன்:
நீங்கள் முதலில். நான் சுற்றில் இரண்டாவது.
யாரும் கேட்காத ஒன்றை
அவ்வளவு பணிவாக நான் சொன்னதே இல்லை.

இறங்கியதும் சொல்ல
நல்ல மதுரைச் சொற்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன்.
ஜமால் மைதீன், ஈரோட்டிலிருந்து. ஐம்பது வயதிருக்கும்.
கழுத்தில் ஹெட்போன், கையில் எழுதிய தாள்.
ஒரு எண் மாறிப்போயிருந்தது. ஏழுக்குப் பதில் ஒன்று.
வரும் வழியெல்லாம் வணக்கத்தோடும் தூரத்தோடும் உயரத்தோடும்
ஆளில்லாத அலைவரிசையில்
பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.
"உங்க சத்தமும் வரல, என் சத்தமும் போகலம்மா" என்றார்.
கை நடுங்கியது. எனக்கும்தான்.
பொறுக்கிய சொற்களை விழுங்கினேன்.
காரமாக இருந்தன.

மூன்று மணிக்கு நாகமலைப் பக்கம் கறுத்தது.
பதிவேட்டில் காலையை எழுதிக்கொண்டிருந்தவள்
கோடைமழைக் காற்றின் முதல் அடிக்கே ஓடினேன்.
என் விமானம் ஏற்கெனவே கட்டியிருந்தது,
இரண்டு இறக்கை, ஒரு வால்.
முடிச்சு என்னுடையதில்லை.
பக்கத்தில் அவருடையது
கட்டில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.
ஆளைத் தேடினேன். வேலிக்கு அந்தப் பக்கம்
தார்ப்பாயின் ஒரு முனையை முத்துராக்கும்
மறுமுனையை ஜமாலும் இழுத்துப் பிடித்து
மிளகாய்மேல் போராடிக்கொண்டிருந்தார்கள்.
நான் அவர் இறக்கையின் கயிற்றை எடுத்தேன்.
முதல் சுற்று போடும்போதே
மூக்கில் ஏறியது நெடி.
அங்கே அவள் தும்மினாள், பிறகு அவர்.
எனக்கு வரவேண்டியது வந்துகொண்டிருந்தது.