நாற்பத்திரண்டாம் அளவு

க்ளீவ்லாந்தில், இலவச வக்கீல் அலுவலகத்தின்
துணி அலமாரி என் பொறுப்பு.
நாற்பத்திரண்டில் இருப்பது
சாம்பல்நிறக் கோட்டு ஒன்றுதான்.
பத்தொன்பது பேரோடு கூண்டேறியிருக்கிறது.

இன்று ஓடெல் ப்ரூயிட். மெலிந்த ஆள்.
முதுகுப்பக்கம் நான்கு ஊக்கு குத்தினேன்.
"திரும்பிடாதீங்க. ஜூரிக்கு முன்பக்கம் போதும்."
பாக்கெட்டில் யாரோ விட்டுப்போன
இருமல் மிட்டாய். கேட்காமலே
வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து அறையில் அதே குற்றம்,
அறுவை மருத்துவரின் மகன்,
அளவெடுத்துத் தைத்த நீலம்.
அவன் எதிர்காலத்தைப் பற்றி நீதிபதி
அரைமணி நேரம் கவலைப்பட்டாராம்.
நீலம் அவனோடு வீட்டுக்குப் போனது.

ஐந்து மணிக்கு, காகிதப் பையில்,
கோட்டு மட்டும் வந்தது.
ஊக்குகளை எண்ணினேன்.
மூன்று.

நாளைக்கு வருகிறவர் பருத்த ஆள்.
பொத்தானை நகர்த்தித் தைக்க வேண்டும்.