விழுங்கியதற்குச் சான்று

டண்டீயில் காலை ஒன்பது மணிக்கு
மருந்துக்கடை ஷட்டர் முழங்கால் உயரம் ஏறும்போதே
நாங்கள் நின்றிருப்போம்.
டே நதியிலிருந்து வரும் காற்றுக்குத் தெரியும்
எவர் கோட்டில் எந்தப் பொத்தான் இல்லையென்று.

இருமலுக்கு வந்தவர்,
குழந்தைக்கு டயாப்பர் வாங்க வந்தவள்,
என் மகளின் பழைய கணக்கு டீச்சர்,
எல்லோருக்கும் முன்னால்
கவுண்டரின் ஓரத்தில்
சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் மெத்தடோன்.
பச்சை. அறுபது மில்லி.
மேலே கொஞ்சம் தண்ணீர்.
பிறகு வெள்ளைக் கோட்டுப் பெண் சொல்வாள்:
"ஏதாவது பேசு, செங்கா."

பேசினால்தான் வாய் காலி என்று அர்த்தம்.
கன்னத்தில் ஒதுக்கிக் கொண்டுபோய்
தெருமுனையில் துப்பி விற்கமாட்டேன் என்று அர்த்தம்.

"மழை வரும்போல" என்பேன்.
ஆறு வருடம்.
இந்த ஊரில் மழை பொய்க்காது,
ஆகவே நானும் பொய்த்ததில்லை.
டீச்சர் நிற்கும் நாட்களில் மட்டும் "நன்றி".
அவர் வைட்டமின் அலமாரியை
எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுத்தமாகிவிட்டாயா என்று கேட்கிறார்கள்.
கழுவாத பாத்திரமா நான்?
மீண்டது எப்போதென்று கேட்டால் ஒரு நாள் சொல்வேன்:
துவைக்கும் இயந்திரம் நின்ற சத்தம் கேட்டு
எழுந்துபோய்
ஈரத்துணிகளைக் கொடியில் போட்டேன்.
அதற்கு முன்பெல்லாம் அவை
உள்ளேயே கிடந்து நாறும்.
அவ்வளவுதான் நடந்தது அன்றைக்கு.

எனக்கு அடுத்து நிற்பவன் லாக்கி.
பேசு என்றால் ஜோக் சொல்வான்,
நாளுக்கொன்று, எல்லாமே மட்டம்.
வெள்ளைக் கோட்டுப் பெண் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.
அம்மாவைப் புதைக்க லூயிஸ் தீவுக்குப் போனான்.
புயல். கப்பல் இல்லை. மூன்று நாள்.
மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி.
கப்பல் கம்பெனியின் கடிதத்தை
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.
பிரித்துப் பார்க்க ஆளில்லை.
மறுபடி வரிசையின் வாலில் போய் நில் என்றார்கள்.
ஏழாவது வாரம்
படிக்கட்டடியில் கிடந்தான், காலணியோடு.
பதினோராவது வாரம் தபால் வந்தது:
செவ்வாய், பத்தரை மணி, தவறாமல் வரவும்.
அவன் தவறி
அப்போது நாலு வாரம்.

சுகாதார வாரியத்தில் எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினார்கள்.
மூன்றாவது மாடி. நீள மேஜை, பிஸ்கட் தட்டு,
நொடிகளைத் தின்னும் சிவப்புக் கடிகாரம்.
தலைவர் திரு. ஸ்ட்ராகன் கண்ணாடியைத் துடைத்தபடி
"நீங்கள் பேசலாம், மிஸ் பெட்ரி" என்றார்.
மேஜையில் தண்ணீர் இருந்தது.
பழக்க தோஷம்,
முதலில் அதைக் குடித்தேன்.

எழுதிக்கொண்டு வந்த தாளை எடுக்கவில்லை.
கதவுள்ள ஒரு அறை கேட்டேன்.
பெயரை அடிக்கும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு,
ஒரே ஒரு அழைப்பு, ஐயா,
மணி அடித்திருந்தால் அவன் எடுத்திருப்பான்.
வாரங்களில் சொல்லும் காத்திருப்பை
நாட்களில் சொல்லுங்கள் என்றேன்.
சர்க்கரை நோயாளியிடம்
ஊசியை எல்லோர் முன்னாலும் போடு,
போட்டதும் ஏதாவது பேசு என்பீர்களா என்றேன்.
கடிகாரம் கத்தியது. நான் நிறுத்தவில்லை.
ஆறு வருடமாய் மருந்தோடு சேர்த்து விழுங்கியதெல்லாம்
ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.
ஒருவர் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

காத்திருப்பு பற்றி ஆராய்வார்களாம்.
மார்ச்சில் மறுபடி போவேன்,
டீச்சரும் வருகிறேன் என்றிருக்கிறார்.
இப்போதைக்குக் கடையின் பின்பக்கம்,
டயாப்பர் பெட்டிகளுக்கு நடுவே, ஓர் அறை.
கதவு முழுக்கச் சாத்தாது.

இன்று குடித்தேன். தண்ணீர்.
"ஏதாவது பேசு, செங்கா."
லாக்கியின் ஜோக் ஒன்றை ஆரம்பித்தேன்,
ஒரு கடல்நாயும் பாதிரியாரும் மதுக்கடைக்குள் நுழைகிறார்கள்...
முடிவு மறந்துவிட்டது.
அவளுக்கும் ஞாபகம் இல்லை.
இருவரும் கொஞ்ச நேரம்
யோசித்துக்கொண்டிருந்தோம்.