அரை அங்குலம் தள்ளிய கொலோசியம்

ஆறாயிரத்து நானூறு பீஸ்.
இது நாங்கள் கேட்ட நீலமில்லை என்று
வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னவள்,
சனிக்கிழமை முழுக்க
டியூப்லைட்டுக்கும் சன்னலுக்குமாகத் துணியைத் தூக்கிக்கொண்டு
நடந்த ஒர்னெல்லா,
ஞாயிறு காலையில் கேட்டாள்:
இங்கே பழசாக ஏதாவது இருக்கிறதா?

பையர் என்றால் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான் கம்பெனி வழக்கம்.
எனக்கு அன்றைக்கு
எந்தச் சாமி முகத்திலும் முழிக்க மனசில்லை.
கொடுமணல் என்றேன்.
உங்கள் ஊர்க் காசு வந்து இறங்கிய இடம்.

படியூர் தாண்டும்போது சொன்னேன்,
இந்தக் காட்டு மண்ணில் பச்சைக்கல் எடுத்தார்கள்,
உங்கள் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போயிற்று.
எட்டிப் பார்த்தாள்.
பார்க்க இருந்தது ஒரு பெட்ரோல் பங்க்,
கிளுவை வேலி,
வேலிக்குள் நிமிராமல் மேயும் ஒரு மயிலைப் பசு.

நான் ரோமுக்குப் போயிருக்கிறேன்.
கண்காட்சி முடிந்து ஒரு பகல் மிச்சமிருந்தது.
இரண்டு மணி நேரம் வரிசை,
யாருடைய செல்ஃபிக் குச்சியோ முதுகில் இடிக்க இடிக்க
உள்ளே போய்
பெரிய கிணறாட்டம் இருக்குது என்று
அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.
தண்ணி கெடக்குதா
என்று பதில் வந்தது.

கொடுமணலில் வரிசையில்லை, டிக்கெட்டில்லை.
துருவேறிய பலகையில் பாதி எழுத்து.
தோண்டிய குழிகளைத் தூர்த்துவிட்டார்கள்,
மேலே யாரோ கொள்ளு விதைத்திருக்கிறார்கள்.
தூரத்தில் ஒரு நட்ட கல்.
நொய்யல் பக்கமிருந்து, மறைத்து என்ன,
எங்கள் சாயப்பட்டறையின் வாசம்.

எங்கே என்றாள்.
இதுதான் என்றேன்.

குனிந்தவள்
உழவுசாலிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள்.
நகக்கண் அளவு. ஒரு பக்கம் வழவழப்பு,
பாதி வரை துளை,
அங்கேயே விண்டிருந்தது.
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
நேற்று என் துணியைப் பிடித்த அதே இரண்டு விரல்.

உடைந்ததுதான் கிடக்கும், நல்லதெல்லாம் கப்பலேறிவிட்டது
என்று சொன்னேன்.
சொன்ன பிறகுதான்
என் காதில் விழுந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எடுத்த குழியிலேயே சில்லை வைத்து
மண்ணைத் தள்ளி மூடினாள்.

அப்போது வெள்ளாடுகளோடு வந்தார் பாவாத்தாள்.
சேலைக்கு மேலே வெயில் மறைக்க ஒரு டீசர்ட்.
நெஞ்சில் கொலோசியம்.
எனக்குத் தெரியும் அந்தக் கட்டடம்:
மூன்று வருசத்துக்கு முன்னால்
பிரிண்ட் அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளிப்போய்
இவளே திருப்பியடித்த லாட்.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போனது.

ஒர்னெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
படம் எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னாள்.

"என்னையவா எடுக்கறாங்க?"
"உங்க சட்டையில இருக்கறது அவங்க ஊருங்க்கா."

பாவாத்தாள் கழுத்தை மடக்கி, தலைகீழாக,
தன் நெஞ்சை முதன்முறை படித்தார்.
"மேல கூரையே போடலயே, கட்டி முடிக்கலீங்களா?"
இரண்டாயிரம் வருசமாச்சுங்க்கா என்றேன்.
"காசு பத்திருக்காது" என்றார்.
ஆடுகள் கொள்ளுக்குள் இறங்க,
கல்லெடுத்து வீசிவிட்டுத் திரும்பி
நேராக நின்றார்.
ஒர்னெல்லா மண்டியிட்டு
ஒரு தூண்கூட விட்டுப்போகாமல் எடுத்தாள்.
என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.
நின்றேன்.
ரோமில்கூட எனக்கு இப்படியொரு படம் அமையவில்லை.

திங்கட்கிழமை மெயில் வந்தது.
ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி, மறக்க மாட்டேன்.
நீலத்துக்கு
ஆறு சதவீதம் கழித்துக்கொள்கிறோம்.