நின்றதும் நிறுத்தியதும்

மூன்று நாளாய் எஞ்சினை அணைக்கவில்லை.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை
ஒரு வண்டி நீளம் நகர்ந்து
ஒரு மணி நேரம் நின்றது.
நான் தட்டில் சோறு பிசைந்தபோதும்
ஸ்டியரிங்கில் கன்னம் பதித்துத் தூங்கியபோதும்
அது ஓடிக்கொண்டே இருந்தது.
அணைத்தால் எழாது என்று
எனக்கும் கிளீனர் சார்லஸுக்கும் தெரியும்.
டீசல் முள்ளுக்கும் தெரிந்திருக்கும்,
அது பாட்டுக்கு இறங்கியது.

எடை மேடையில் மாட்டினோம்.
"ஆஃப் பண்ணுய்யா, நம்பர் ஆடுது."
அணைத்தேன்.
முப்பத்தோரு டன் நானூறு, சீட்டு வந்தது.
சாவியைத் திருப்பினேன்.

கர்ர்ர்ர்.
கடைவாயில் கருங்கல் ஜல்லி.
இன்னொரு முறை.
கர்ர்ர்ர்.
பின்னால் பதினாறு வண்டி, பதினாறு ஹாரன்,
அதில் ஒன்று மட்டும் ஏனோ குழந்தை அழுவது போல.
நெல்லூர் வண்டிக்காரன் ஒருவன்
திட்டிக்கொண்டே சங்கிலி மாட்டி
எங்களை ஓரத்துக்கு இழுத்துவிட்டான்.
பீடி கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் திட்டினான்.

மாத்தூரிலிருந்து மொபெட்டில் வந்தார்
எலெக்ட்ரீஷியன் கவுஸ் பாய்.
"பேட்டரிய மாத்துன்னு நாலு பேரு சொல்லிருப்பானுங்களே?"
ஆறு பேர், பாய்.
மீட்டரை வைத்தார். இருபத்தஞ்சு.
சாவி திருப்பும்போது இருபத்தொண்ணு.
"அது மேல பழி போடாத.
டக்குனு மட்டும் கேட்டா சோலனாய்டு.
ஒண்ணுமே கேக்கலன்னா ஒயரு.
இது மெல்லுது. பல்லு."

முதலில் நெகட்டிவைக் கழற்றினோம்.
பிறகு சாக்கு விரித்து மல்லாந்தோம்.
மேல் போல்ட் இரண்டும் சொன்ன பேச்சு கேட்டன.
கீழ் போல்ட்டுக்கு
மண்ணெண்ணெய், குழாய்,
சார்லஸின் முழு எடை,
பாயின் வாயிலிருந்து வரக்கூடாத ஒரு சொல்.
கைக்குழந்தையை வாங்குவது போல்
ஸ்டார்ட்டரை நெஞ்சில் வாங்கினேன்.
இருபது கிலோ இருக்கும், கிரீஸ் வாசனையோடு.
பெண்டிக்ஸில் பல்லெல்லாம் கரைந்து
பாதி சப்பிய மிட்டாய்.

"இரு, ரிங்கையும் பாப்போம்."
கடப்பாரையால் புல்லியை நெம்பச் சொல்லி
ஓட்டைக்குள் போன் வெளிச்சம் அடித்தார்.
நல்ல பல், நல்ல பல், நல்ல பல்,
ஒரு சாண் மொட்டை.
மறுபடி நல்ல பல்.
மறுபடி மொட்டை.
மூன்று இடம்.
"ஆறு சிலிண்டரு.
எப்ப ஆஃப் பண்ணாலும்
இந்த மூணுல ஒண்ணுலதான் வந்து நிக்கும்.
நிக்கிற எடத்துலயே அடி வாங்கும்."

நான் பேசவில்லை.
எங்கள் வீட்டுச் சண்டையும் அப்படித்தான்.
எங்கே தொடங்கினாலும் வந்து நிற்பது
அடகில் மூழ்கிய அவள் செயின்,
என் தம்பிக்குப் போட்ட கையெழுத்து,
இல்லாவிட்டால் அந்தத் தீபாவளி.
மற்ற இடமெல்லாம் பல் புதுசாகவே இருக்கிறது
பதினோரு வருஷமாய்.

ரிங்கைத் திருப்பிப் போட
கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை.
பணமும் இல்லை, நாளும் இல்லை.
ஸ்டார்ட்டர் மட்டும் மாற்றினோம்.
ரீகண்டிஷன், ஒன்பதாயிரத்து இருநூறு,
பழசுக்குக் கழித்தது ஆயிரம்.
கம்பி பிரஷால் டெர்மினல் தேய்த்து
நெகட்டிவைக் கடைசியாய் மாட்டி
"அடி" என்றார் பாய்.

ஒரே மூச்சில் பிடித்தது.
சார்லஸ் விசிலடித்தான்.
"என்னைக்காவது மறுபடி மெல்லும்.
கியர்ல போட்டு லேசா ஆட்டிவுடு,
எடம் மாறும்" என்று சொல்லி
வண்டியின் மட்கார்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

இரவு மறுபடி வரிசை.
காசிமேடு தாண்டி ஐஸ் லாரிகளின் நடுவே
சிவப்பு விளக்குகள் அசையவே இல்லை.
யோசித்தேன்.
பிறகு அணைத்தேன்.

முதலில் காதுக்குள் எஞ்சினே ஓடிக்கொண்டிருந்தது.
அப்புறம் ரேடியேட்டரில் சொட்டு.
அப்புறம், கொட்டிய பாறைகளுக்கு அந்தப் பக்கம்,
இத்தனை நாளும் இருந்திருக்கிறது,
கடல்.

திடுக்கிட்டு எழுந்தான் சார்லஸ்.
"அண்ணே, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லடா,
நிறுத்தியிருக்கேன்."