கன அடி

அரைஞாண், பல்செட், பெல்ட், கைபேசி
எல்லாம் டப்பாவில் போட்டாயிற்று.
ஒச்சப்பன், வயது அறுபத்தொன்று.
நேற்று ராத்திரி எட்டிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை.
குடிப்பழக்கம் எத்தனை ஆண்டு என்ற கட்டத்தில்
மகள் எழுதியிருக்கிறாள்:
கள்ளந்திரி மதகு வேலைக்குப் போனதிலிருந்து.

லஸ்கர்.
ஷட்டர் ஏற்ற, இறக்க,
இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அளவுகோல் பார்த்துப்
போனில் சொல்ல.

“ஊசி போட்டு மருந்து ஏத்துவீகளா தாயி?”
இல்லை.
ஓடுகிற ரத்தத்தையே காந்தம் அடையாளம் வைத்துக்கொள்ளும்,
எவ்வளவு ஓடியதோ அவ்வளவு பிசகும்,
அந்தப் பிசகைத்தான் படிக்கிறோம் என்றேன்.
“வாய்க்கால்ல வைக்கோலப் போட்டுட்டுக்
கூடவே நடப்போம்ல, அது கணக்கா.”
அதேதான். நடப்பது மட்டும் கிடையாது.

விரலில் நாடிக் கவ்வி. காதில் பஞ்சு.
கோரிப்பாளையத்துப் பஸ் ஹாரன்கள் கதவோடு நின்றுவிட,
உள்ளே தகரத்தைத் தட்டுகிற சத்தம்.
மூச்சை வெளிய விடுங்க.
அப்படியே நிறுத்துங்க.
பதினாறு நொடி.

குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரை
குறுக்குவெட்டில் ஒரு சுண்டைக்காய்.
உள்ளே போகிற ரத்தம் வெள்ளை,
திரும்பி வருவது கருப்பு.
கருப்பு.

நம்பவில்லை நான்.
அளக்கும் முன்பே வேகத்துக்கு ஓர் உச்சம்
ஊகித்துச் சொல்ல வேண்டும் இந்த எந்திரத்துக்கு;
குறைத்துச் சொன்னால்
விரைந்து போவதும் பின்வாங்குவதாகக் காட்டும்.
இரட்டிப்பாக்கினேன்.
மறுபடி மூச்சு, மறுபடி பதினாறு.
கொஞ்சம் வெளிறியிருந்தது,
ஆனால் கருப்புதான்.

எழுந்து உட்கார்ந்து பல்செட்டைத் தேடினார்.
“எத்தனை கன அடி?”
டாக்டர் சொல்வாங்க.
பல்லை மாட்டிக்கொண்டு, நிதானமாக,
“ஒரே எடத்துல ரெண்டு தரம் அளந்தியே தாயி.
கோல்ல பாத்தத நம்பலேன்னாத்தான்
நாங்களும் ரெண்டு தரம் அளப்போம்.”
அரைஞாணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
கட்டவில்லை.
“கீழ அடைச்சா தண்ணி எதுக்கும். வேற போக்கு?”

அவர் போன பிறகு
படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நிமிடத்துக்கு முந்நூற்றுப் பத்து மில்லி.
கன அடியில்
புள்ளிக்கு அப்புறம் மூன்று சுழியம், பிறகு ஒரு பதினெட்டு.
வாய்க்கால் அல்ல, கசிவுகூட அல்ல.
முன்னால் ஒரு கழித்தல் குறி.
மதகுப் பதிவேட்டில்
அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்குமா?

அடுத்தவர் வாசலில் நிற்கிறார்.
மோதிரம் கழலவில்லையாம்.
சோப்பு கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன்.