மாட்டுப்பட்டியில் லேத்

கம்பளையில் றிஃபாய்தீன் நானாவின் பழைய இரும்புக்கடை.
சாக்கை இழுத்துக் காட்டினார்.
புதுப் பச்சை பெயின்ட், இன்னும் விரலில் ஒட்டியது.
"குமரி மாதிரி இருக்கு, தங்கச்சி."
குமரிகளுக்கு யாரும் இவ்வளவு கிரீஸ் பூசுவதில்லை.

நான் பெயின்டைப் பார்க்கவில்லை.
சக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி
படுக்கையில் நகத்தை வைத்து இழுத்தேன்.
இருந்தது, மெல்லிய ஒரு படி.
நாற்பது வருடமும் குட்டை வேலைதான் செய்திருக்கிறது,
தூரக்கோடி ஒருநாளும் கத்தியைக் கண்டதில்லை.
குறுக்குக் கைப்பிடி கால் சுற்றுக்குச் சும்மா சுழன்று
அதன் பிறகே நகர மனம் வைத்தது.
பல்சக்கரங்கள் பதினொன்று எண்ணெயில் கிடந்தன;
பன்னிரண்டாவதன் இடத்தில் அவருடைய வெற்றிலைப் பை.
மூணு எண்பது என்றார்.
மூணு பத்துக்கு இறங்க
நான்கு பிளேன்டீயும் ஒரு லுஹர் தொழுகையும் ஆயின.

கார்மென்டில் ஒன்பது வருடம்
தையல் மெஷின்களின் வயிற்றில் கைவிட்டுச் சேர்ந்த காசு.
மிச்சத்துக்குச் செவலைப் பசு.

கினிகத்தேனை வளைவுகளில் லொறி முனகிற்று.
ரோட்டிலிருந்து லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
மோட்டரைக் கழற்றினோம், சக்கு, டெயில்ஸ்டாக்,
மிச்சத்தை மூங்கிலில் கட்டி எட்டுப் பேர்.
முன்னால் சந்தனம் மச்சான், எல்லோருக்கும் மேலே மழை.
எழுபதாவது படியில்
"பொணங்கூட இந்தக் கனம் கனக்காதே" என்றான் ஒருவன்.
"பொணத்துக்கு ஏதுடா கியர் பெட்டி?"
சிரித்ததில் ஒரு முனை தாழ்ந்தது.
அந்தப் படிக்கு இப்போது மூலை இல்லை.

பசு நின்ற இடத்தில் கொங்கிரீட் போட்டிருந்தேன்.
மூத்திரம் ஓடிய சாய்வை நிரப்பவே ஒன்றரை மூட்டை சீமெந்து.

மோட்டருக்கு வேண்டியது த்ரீ ஃபேஸ்.
லயத்துக்கு வருவது ஒன்று.
மின்சார சபை கந்தோரில்
தலை நிமிராமலே கேட்டார்கள்:
காணி உறுதி?
லயம் கம்பனியுடையது.
அப்ப, கம்பனிக் கடிதம்?
தொரை லீவு.
தொரை வந்தார்.
மாட்டுப்பட்டிக்கு எதுக்கு த்ரீ ஃபேஸ் என்றார்.
நியாயமான கேள்வி. கடிதம் இல்லை.

ஆகவே ஒன்றை மூன்றாக்கும் பெட்டியொன்று,
செங்கல் அளவு, கொழும்பிலிருந்து கூரியரில்.
மோட்டரின் மூடியைத் திறந்தேன்.
மூன்று சுருள்களின் வால்களும் ஓரிடத்தில் கூடி
நட்சத்திரமாய் இருந்தன.
தகடுகளைக் கழற்றித் திருப்பி
ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் பூட்டி
முக்கோணமாக்கினேன்.
நானூறு வோல்ட் தின்று வளர்ந்தது
இனி இருநூற்று முப்பதில் பசியாறும்.

"வெல்டிங்காரன் செஞ்ச மாதிரி
எங்க லைட்ட மங்க வச்சியோ, பாத்துக்க,"
பேச்சியக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டு செக்கன் எடுத்து ஏறு, அவசரமில்லை
என்று பெட்டியில் எழுதிவைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
நுளம்பு காதுக்குள் போனாற்போல் ஒரு ரீங்காரம்.
பிறகு பெல்ட்.
பிறகு சக்கின் மூன்று தாடைகளும் கரைந்து ஒரு வட்டம்.
தலைக்குமேல் பல்ப் இமைக்கவில்லை.
கத்தியைத் தொடவைத்தேன்.
நீலமாய் ஒரு சுருள் புகைந்தெழுந்து
முழங்கை வரை நீண்டு, தானே அறுந்து விழுந்தது.

வாசலில் பேச்சியக்கா, கையில் மெழுகுதிரி, தீப்பெட்டி.
"இன்னும் போடலையா?"
"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."
பல்பைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.
"இத வச்சு சட்டி தேய்க்கலாமா?"
"கைய அறுத்துடும்."
தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு
அரைமணி நேரம் நின்றாள்.

முதல் உருப்படி, நோர்வூட் ஆட்டோ ஒன்றுக்கு முன்சில்லுப் பின்.
இந்த முனை இருபது மில்லிமீட்டர்,
அந்த முனையில் நூறில் எட்டு பங்கு கூட.
மீன் டின் தகட்டை வெட்டி
ஒரு காலுக்கடியில் செருகினேன்: ஐந்து.
இன்னொரு துண்டு: மூன்று.
அதோடு நிறுத்திப் படுத்தேன்.
பன்னிரண்டாவது பல்சக்கரம் தூங்கவிடவில்லை.

ஐந்தரைக்குப் பட்டி வாசலில்
மேல்லயத்துப் பையன் ஒருவன்,
விஷயம் தெரியாதவன்,
பால் செம்போடு நின்றிருந்தான்.