ரேகை பொருந்தவில்லை

வேலைவாய்ப்புப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
விருப்பத் துறை.
சிவில் என்று எழுதினாள் பூங்குழலி.
நிறுவனச் சட்டம் என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டான் பிரெதெரிக்.
காலாப்பட்டில் கடல் தெரியும் வகுப்பறை எங்களுடையது.
கட்டம் நிரப்பாதவர்களுக்கு
கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

சனிக்கிழமைகளில் கடலூர்.
சட்ட உதவிக் குழுவின் அட்டை கழுத்தில் ஆட
கேப்பர் மலை ஏறும் பேருந்து.
சிறையின் பார்வையாளர் அறையில்
வக்கீலம்மா என்றார் கலியவரதன்.
இன்னும் இல்லீங்க, ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு.
'எனக்கும் அரியர்தான்.
ஜாமீன் கெடச்சு பதினோரு மாசம் ஆவுது.'

திருடியதாகச் சொல்லப்படும் செம்புக் கம்பி
ஒன்பது மீட்டர்.
மாதத்துக்கு ஒரு மீட்டர்கூட வரவில்லை
என்று கணக்குப் போட்டது மனசு.
அப்புறம்தான் கூசியது.

உத்தரவு ஒரே பக்கம்.
இரண்டு ஜாமீன்தாரர்கள், ஆளுக்குப் பத்தாயிரம்,
ஒருவர் ரத்த உறவாக இருத்தல் வேண்டும்.
ரத்த உறவு என்று மிஞ்சியது ஓர் அக்கா,
விருத்தாம்பாள்,
பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையில்.

பிணை என்கிறது பாடப்புத்தகம்.
அகராதியில் பார்த்தேன்:
பிணம், பிணி, பிணை,
ஒரே தெருவில் கிட்டக்கிட்ட வீடுகள்.
பெண்மானுக்கும் அதே பெயராம்.
தேர்வில் அது வராது.

மஞ்சக்குப்பம் இ-சேவை மையம், டோக்கன் நாற்பத்திரண்டு.
ஆதாரில் பழைய விலாசம்.
மாற்றினால்தான் கிளார்க் கையில் வாங்குவார்.
சிவப்பு வெளிச்சத்தின்மேல் கட்டைவிரல் வைத்தாள்.
ரேகை பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல்.
பொருந்தவில்லை.
துடைத்துவிட்டு வையுங்கம்மா என்றான் பையன்.
முந்தானையில் துடைத்துத் துடைத்து
பத்தையும் வைத்தாள்.
'கொட்டப் பாலு தின்னுடுச்சி தம்பி.'
விரல்நுனிகள் கருத்து, வழவழவென்று,
ஆற்றுக் கூழாங்கல் மாதிரி.

கலியவரதனின் அக்காதான் இவள்.
மூக்கு சொல்கிறது.
கேள்விக்கு முன்பே தலையாட்டும் பழக்கம் சொல்கிறது.
கருவிக்கு அது தெரியாது.
எனக்கும் அதை மனுவாக எழுதத் தெரியாது.
நான்கு வருடம் படித்த தீர்ப்புகளில்
ஒன்றுகூட இந்த விரல்கள்வரை வரவில்லை.

கண்ணை வைத்து எடுக்கும் மிஷின் ரிப்பேராம்.
புதன்கிழமை வரச் சொன்னான்.
'ஒரு நாள் கூலி போயிடும்' என்றாள்.
எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள்.
கேட்டிருக்க வேண்டாம்.
கையிலிருந்த குளிர்ந்த காபிக்கு
அதில் பாதி கொடுத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமைதான்
சென்னை நிறுவனம் நேர்காணலுக்கு வருகிறது.
அப்பா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
கறுப்புக் கோட்டோடு ஒரு போட்டோ அனுப்பணுமாம்,
கல்விக் கடன் மேனேஜரிடம் காட்ட.

கெடிலம் பாலத்தில் பேருந்து நகரவில்லை.
பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.
பின்பக்கத்தில் அக்காவின் செல் நம்பர்,
என் பேனாவை வாங்கி அவளே எழுதியது.
கடைசி எண் ஏழா ஒன்றா தெரியவில்லை.
ஓரத்தில் ஒரு கருந்திட்டு.
வரியே இல்லாத விரல்.
ஏழாவது கட்டத்துக்கு நேராக இருக்கிறதா என்று
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
இல்லை. இரண்டு அங்குலம் தள்ளி,
'தந்தையின் ஆண்டு வருமானம்' மேல் விழுந்திருந்தது.

ஒன்று என்று அழுத்தினேன்.
நெய்வேலியில் யாரோ எடுத்து
தப்பான நம்பர் என்று வைத்துவிட்டார்.
ஏழு.
மணி அடிக்கிறது.

அக்கா, நான்தான்.
புதன்கிழமை முதல் டோக்கன் நானே போட்டு வைக்கிறேன்.
நீங்க எட்டே காலுக்கு வந்தாப் போதும்.